தலை எண்ண வந்தவர்கள்

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் மாடிக் கட்டடத்துக்கு எதிரே, காலி வீதியோரத்தில், போன வாரம் இரண்டு இளைஞர்கள் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் மேலங்கி, மடியில் ஒரு சின்னக் கருவி. போகிற வருகிற வாகனங்களையும் பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்களையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நகரம் பெருத்துவிட்டதாம். போக்குவரத்தைத் திருத்தப் போகிறார்களாம். அதற்கு முதலில் கணக்கு வேண்டுமாம். என் மகனுக்குச் சந்தோஷம். நான் யன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எண்ணுவதில் எனக்குப் பகையில்லை. நானே எண்ணுகிறவன்தான். எங்கள் மாடிப்படி அறுபத்தெட்டு. லிப்ட் இந்த மாதம் நான்கு தரம் நின்றுவிட்டது. எதிர்க்கடை விளக்குப் பலகையில் ஏழு எழுத்து எரிவதில்லை. மருமகள் இதையெல்லாம் கேட்டுச் சலித்துப்போனாள். ஆனால் நான் எண்ணினால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அரசாங்கக் கந்தோர் எண்ணினால் அப்படியல்ல. யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில் அந்தத் தொகையை வைத்துக்கொண்டு, எனக்கு என்ன வேண்டும் என்று தீர்மானிப்பார். முன்பொருமுறை, தலைக்கு மேலால் ரயில் ஓடும் என்று படம் காட்டினார்கள். படம் நன்றாகத்தான் இருந்தது.

நான் ஒன்பது வயதில் கொட்டாஞ்சேனையில் இருந்தேன். எங்கள் தெருவின் ஒரு பக்கம் முழுக்க ஒரு பண்டசாலையின் மதில். மறுபக்கம் இருபத்திரண்டு வரிசை வீடுகள். எங்களுடையது ஏழாவது, வாடகை வீடு. அப்பாவுக்குப் புறக்கோட்டையில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளார்க் வேலை. அம்மாவின் தம்பி, அதாவது எங்கள் மாமா, ஓர் அச்சுக்கூடத்தில் வேலைசெய்துகொண்டு எங்களுடனேயே இருந்தார். கலியாணம் கட்டாதவர். வேலை போக மிச்ச நேரத்தில் யோசனைகள் சொல்வார்.

அக்கா பம்பலப்பிட்டியில் படித்தாள். வகுப்பில் எப்போதும் முதலாம் பிள்ளை. அவ்வளவு தூரம் ஒரு பெண்பிள்ளையை அனுப்ப அப்பா சும்மா சம்மதித்துவிடவில்லை. ஒரு நிபந்தனை போட்டிருந்தார். எங்கள் வாசலில் நின்றால் பஸ் நிற்கிற ஹோல்ட் தெரியும். அக்கா ஏறுவதையும் இறங்குவதையும் அம்மா கண்ணால் காணவேண்டும். அப்பாவும் அதே பஸ்ஸில் போய், புறக்கோட்டையில் அவளை மற்ற பஸ்ஸில் ஏற்றிவிடுவார். பின்னேரம் அங்கே காத்திருந்து இந்தப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பவும் கந்தோருக்குப் போவார். இந்த ஒழுங்கில் ஒரு கண்ணி அறுந்தாலும் அக்காவின் படிப்பு நின்றுவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெரிய சந்திக்கு நடந்து போய் வேறு பஸ் எடுக்கலாம்தான். ஆனால் போகிற வழியில் சாராயக்கடையும் லொறிகள் நிற்கிற வெளியும் இருந்தன. அப்பா அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார்.

ஒருநாள் பஸ் கொண்டக்டர் மாமாவிடம் ஒரு செய்தி சொன்னார். எங்கள் தெருவால் போகிற பஸ்ஸை நிறுத்த யோசிக்கிறார்கள். ஆட்கள் போதாது. வருகிற கிழமை மூன்று நாள் ஹோல்டில் ஆள் வைத்து, ஏறுகிற இறங்குகிற தலைகளை எண்ணப் போகிறார்கள். அந்தத் தொகையை வைத்து முடிவு செய்வார்கள்.

அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை. யாரும் அவளை வற்புறுத்தவுமில்லை. மாமா மட்டும் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டு சொன்னார்: "அவங்கள் என்ன, ஆக்களைப் பாத்தா நிப்பாட்டுறாங்கள்? நம்பரைப் பாத்துத்தானே. நம்பரைக் குடுப்பம்."

அப்பா, "உமக்கு அச்சுக்கூடத்தில மை மணந்து மணந்து மூளை பழுதாப்போச்சு மச்சான்" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாமா வீடு வீடாகப் போனார். திட்டம் எளிது. எங்கள் ஹோல்டில் ஏறுவது, கோயில் சந்தியில் இறங்குவது, வீடுகளுக்குப் பின்னால் போகிற சின்ன ஒழுங்கையால் நடந்து திரும்பி வந்து மறுபடியும் ஏறுவது. அதேபோல் அந்தப் பக்கம் ஏறி இங்கே இறங்கினாலும் ஒரு தலைதான். நாங்கள் நானா என்று கூப்பிடும் தெருமுனைக் கடைக்கார முஸ்லிம் பெரியவர்தான் கொஞ்சம் யோசித்தார். கணக்கில் பொய் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை.

"தம்பி, இது களவில்லயா?" என்று மாமாவைக் கேட்டார்.

"டிக்கட் எடுத்துத்தானே நானா ஏறுறம். பஸ்ஸில ஏறுறவன் எங்க போறான் எண்டு எந்தச் சட்டத்தில கேட்டிருக்கு?"

நானா தாடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப சரி. எனக்கும் கோயில் சந்திப் பக்கம் போக ஒரு வேல ஈக்குது" என்றார். அந்த மூன்று நாளும் அவருக்கு அந்த வேலை முடியவேயில்லை.

அப்படியொரு திருவிழாவை நான் பிறகு கண்டதில்லை. வயதுபோனவர்கள் குடையோடு வந்தார்கள். குடை இல்லாமலும் ஒருதரம் வந்தார்கள். நானா ஒருமுறை தொப்பியோடும் ஒருமுறை வாழைக்குலையோடும் ஏறினார். மாமா அச்சுக்கூடத்தில் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு, காலையிலிருந்து ஏறியும் இறங்கியும் வியர்த்துப்போய், கடைசியில் உண்மையாகவே காய்ச்சல்காரன் மாதிரி ஆனார். அம்மா கலியாணத்துக்கு உடுக்கிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு காரணமும் இல்லாமல் பஸ்ஸில் போய்வருவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. யன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் நடந்து கடக்கிற அதே கடைகளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தாள். கோயில் சந்தியில் இறங்க மறந்து ஒருதரம் புறக்கோட்டை வரைக்கும் போய்விட்டாள்.

எண்ண வந்தவர் ஒரு சிங்கள இளைஞர். உடம்பில் வெள்ளைச் சேட், காதில் பென்சில். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். அவர் பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பதே எனக்குப் பெரிய இன்பமாக இருந்தது. இரண்டாம் நாள், நான் ஆறாம் தரம் ஏறப் போகும்போது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மல்லி, தம்பி எங்க போறது?"

"கோயிலுக்கு."

"காலையில் இருந்து கோயில்தானே போறது. சாமி பயந்து போகும்" என்று சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு கோடு போட்டார்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனாலும் தொகையைக் குறைக்கவில்லை. நல்ல மனிதர் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நல்ல மனிதர்தான். அவரிடம் கேட்டது எத்தனை தலை என்று மட்டும். எத்தனை மனிதர் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸை நிறுத்தவில்லை. நிறுத்தாதது மட்டுமல்ல, காலையில் இன்னொரு பஸ்ஸும் விட்டார்கள். நானா தெரு முழுவதற்கும் பிளேன் டீ ஊற்றினார். மாமாவை ஹோல்டில் வைத்து மாலை போடவேண்டும் என்று கதைத்தார்கள். அப்பா கூட அன்றைக்கு மாமாவை "எங்கட மினிஸ்டர்" என்று கூப்பிட்டார். அக்கா இரண்டாவது பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு போனாள். அப்படிப் போனது ஒரு வருஷத்துக்கும் கொஞ்சம் குறைவான காலம்தான்.

பிறகு நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிறவர்கள் வந்தார்கள். முக்காலியில் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். தெருவில் எங்கள் பக்கமிருந்த வீடுகளின் நடுச் சுவரில், தரையிலிருந்து என் தோள் உயரத்தில், சிவப்புப் பெயின்டால் ஒவ்வொரு கோடு போட்டார்கள். நாங்கள் சிறுவர்கள் அந்தக் கோட்டுக்கு நேரே நின்று உயரம் பார்த்தோம். நானாவின் கடைச் சுவரில் மூன்று மொழியிலும் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். இந்த வீதியால் பயணம் செய்வோர் தொகை எதிர்பார்த்ததைவிட மிகவும் அதிகமாகக் காணப்படுவதால், பொதுமக்களின் வசதிக்காக வீதி அகலமாக்கப்படும் என்று அதில் இருந்தது. ஒரு பக்கம் பண்டசாலை மதில். அதை யாரும் தொடமாட்டார்கள். அகலமாவதென்றால் எங்கள் பக்கமாகத்தான் அகலமாகவேண்டும்.

அப்பா அறிவித்தலை இரண்டு மொழியில் வாசித்தார். இரண்டிலும் ஒன்றுதான் எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "மச்சான், நம்பர் குடுத்தீர், எடுத்துப்போட்டாங்கள்" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை.

மாமா மறுநாளே அறிவித்தல் போட்ட கந்தோருக்குப் போனார். துணைக்கு நானாவையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடந்ததைப் பிறகு நானாதான் கடையில் வைத்துச் சொன்னார். நாங்கள் அரிசி வாங்கும் சாட்டில் நின்று கேட்டோம்.

மாமா மேசையில் இருந்த அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அவ்வளவு ஆட்கள் இல்லை ஐயா, நாங்கள்தான் திரும்பத் திரும்ப ஏறினோம், அது பொய்க் கூட்டம் என்றார். மேசைக்காரர் காகிதக் கோவையைத் திறந்து பார்த்தார். தொகை இருந்தது, கையெழுத்து இருந்தது, அதன்மேல் இன்னொரு பெரியவரின் கையெழுத்தும் இருந்தது.

"அப்ப கவர்ன்மெண்ட் கணக்குப் பிழை எண்டு சொல்லுறியள்?"

"கணக்குச் சரி ஐயா. நாங்கள்தான் பிழை."

"சரி. அப்ப ஆர் ஆர் அப்பிடி ஏறினது எண்டு பேர், விலாசத்தோட எழுதித் தாங்க. விசாரணை வைக்கிறம். கந்தோரை ஏமாத்தினது குற்றம். தெரியும்தானே?"

மாமா, தன்னுடைய பெயரை மட்டும் எழுதித் தருவதாகச் சொன்னாராம். மேசைக்காரர் சிரித்தாராம். ஒரு ஆள் எப்படி ஐயா இவ்வளவு தரம் ஏறுவார் என்று கேட்டாராம். மற்றவர்களின் பெயரைச் சொல்ல மாமாவால் முடியவில்லை. அதில் அம்மாவின் பெயரும் இருந்திருக்கும். வாழைக்குலையோடு ஏறிய நானாவின் பெயரும் இருந்திருக்கும்.

"நான் சொன்னன், என்ட பேரயும் போடுங்க தம்பி எண்டு" என்று நானா அரிசியை அளந்துகொண்டே சொன்னார். "ஒங்கட மாமா பேனய வெச்சிட்டு எழும்பிட்டார்."

நஷ்டஈடு வீட்டுச் சொந்தக்காரருக்குப் போனது. வாடகைக்காரருக்கு ஒருகொடவத்தைப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட வீடுகள் கொடுத்தார்கள். தெருவில் பாதிப்பேர் அங்கே போனோம். மற்றவர்கள் உறவினரைத் தேடிப் போனார்கள். நானா மருதானையில் தன் தம்பியின் கடையில் ஒரு மூலை பிடித்தார். ஒருகொடவத்தையில் எங்கள் வீட்டைச் சுற்றிப் பண்டசாலைகள், லொறிக் கொட்டகைகள், சேறு. பஸ் ஏற இருபத்தைந்து நிமிடம் நடக்கவேண்டும். நடக்கிற வழி முழுவதும் லொறிக்காரர்கள். வாசலில் நின்றால் அம்மாவுக்குத் தெரிந்தது எதிர்வீட்டுத் தகரம் மட்டும்தான்.

அகலமாக்கிய எங்கள் தெருவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு முடியாது. தெரு பெரிதானதும் துறைமுக லொறிகள் எல்லாம் அந்த வழியைப் பிடித்தன. லொறிகளுக்கு நடுவே பஸ் நேரத்துக்கு வரமுடியவில்லை. ஏறுவதற்கும் அந்தப் பக்கத்தில் ஆட்கள் இல்லை, வீடு இருந்தால்தானே ஆட்கள். இரண்டு வருஷத்தில் பஸ்ஸை வேறு வழியால் திருப்பிவிட்டார்கள். இதற்கு யாரும் தலை எண்ண வரவில்லை. இப்போது அங்கே கொள்கலன் லொறிகள் வரிசையாக நிற்கின்றன. போன வருஷம் ஓட்டோவில் போகும்போது எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று.

புது வீட்டில் முதல் திங்கட்கிழமை. அப்பா விடியமுன்பே புறப்பட்டுவிட்டார். என்னை நடந்துபோகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். அக்காவின் பள்ளிக்கூடத்தை அடுத்த தவணைக்குப் பார்ப்போம் என்று அப்பா ஒருதரம் அம்மாவிடம் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. மாமா பின்பக்கம் தகரத்துக்கு அந்தப் புறம் வாளியில் தண்ணீர் மொண்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். வீடு மாறிய நாளிலிருந்து அவர் அக்காவின் முன்னால் வருவதைக் குறைத்திருந்தார். அவள் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் சாப்பிட உட்காருவார். அச்சுக்கூடத்துக்கும் பஸ்ஸில் போவதில்லை, நடந்துதான் போனார். எனக்கு அது கந்தோர்க்காரரோடு கோபம் என்று பட்டது.

நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே அக்காவைப் பார்த்தேன். வீட்டுச் சட்டையோடு, தலை வாரி இழுக்காமல், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ பள்ளிக்கூடம் போகேல்லையா?"

அக்கா சுளகிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கேல்ல" என்றாள். "அங்க போய் வாறது பெரிய கரைச்சல். வீட்டில இருக்கத்தான் எனக்கு விருப்பம்."

அவள் அதை மிகவும் உரத்துச் சொன்னாள். பின்பக்கத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தம் நின்றது. நான் அவளுக்கு ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருக்கிற ஆளோடு எதற்கு இப்படிக் கத்துகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"எனக்குக் காது கேக்கும்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.