காற்றுமணியில் கோத்த சாவி

தெருவில் அவளைப் பசையக்கா என்பார்கள். பசையுள்ள இடம், நாலு காசு புழங்கும் கை என்று யாரும் தப்புக்கணக்குப் போட்டுவிட வேண்டாம். அவளுடைய பசையெல்லாம் விரல் நுனியோடு சரி. ஜெராக்ஸ் கடையில் அரைநாள் வேலை பார்த்தாள். அங்கே வீணாகும் வண்ணக் காகிதமும் அட்டையும் அவள் பையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். வந்தால் சும்மா கிடக்காது. காகிதம் பூவாகும். காலியான சாஸ் பாட்டில் கழுத்துவரை சணல் கயிறு சுற்றிக்கொண்டு பூச்சாடியாகும். கிழிந்த ஸ்வெட்டரைப் பிரித்து, அட்டையில் சுற்றி, நடுவில் இறுக்கிக் கட்டி, இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டாளென்றால் கம்பளிப் பந்து. அது திரைச்சீலை ஓரத்தில் தொங்கும்.

தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிற அவள் புருஷனுக்கு, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே புலம்பல். "இந்த வீட்ல கொஞ்ச நேரம் அசையாம உக்காந்திடாதீங்க. உங்க தலையிலயும் ஒரு பூவை ஒட்டிடுவா."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒரு பொருள் கண்ணில் பட்டு, அது என்னவாக ஆகலாம் என்று மனசில் பட்டுவிட்டால், அப்புறம் அது யாருடையது என்ற கேள்வியே எழாது. எடுத்துவிடுவாள். "அப்புறம் சொல்லிக்கலாம்" என்பது அவள் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை. மாமியாரின் கண்ணாடிக் கூடு அப்படித்தான் ஒரு நாள் பறவைக் கூடாயிற்று. மாமியார் கண்ணாடியை முந்தானையில் முடிந்துகொண்டு, "பாருங்க என் மருமக வேலையை," என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டாள். மூத்த மருமகள், செல்ல மருமகள். அவள் எது செய்தாலும் அந்த வீட்டில் அழகுதான்.

இளையவள் வந்து அப்போது வருஷம் திரும்பவில்லை. மருந்துக்கடையில் வேலை. அதிகம் பேசமாட்டாள். பேசாதவளை அழுத்தக்காரி என்று எழுதிவைப்பதில் மாமியாருக்கு ஒரு வேகம். "பெரியவ மனசு கண்ணாடி மாதிரி. சின்னவ மனசுல என்ன ஓடுதுன்னு யாரு கண்டா?" இது சின்னவள் காதில் விழும்படியே சொல்லப்படும்.

அந்தச் சமயத்தில்தான் பெரியவள் காற்றுமணி செய்தாள்.

பூட்டில்லாத சாவிகள் கிடந்த ஒரு தகர டப்பாவை மாமியாரே தூக்கிக் கொடுத்திருந்தாள். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் மயில்நீலத்தில் பெயிண்ட் அடித்து, காயவைத்து, பழைய எம்பிராய்டரி வளையத்தைச் சுற்றி நைலான் நூலில் கட்டித் தொங்கவிட்டாள். எல்லாம் சரி, வளையம் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முடிச்சை நகர்த்தினாள், நூலைக் குட்டையாக்கினாள், சாய்வு போகவில்லை. ஒரே ஒரு சாவி குறைந்தது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். பிறகு கண் சுவருக்குப் போயிற்று. காலண்டருக்குப் பின்னால் ஓர் ஆணியில் சின்னச் சாவி ஒன்று தூசி படிந்து தொங்கியது. தலைப்பக்கம் லேசாக நெளிந்திருந்தது.

யாரும் தொடாத சாவி. அதுவும் பூட்டில்லாத சாவியாகத்தான் இருக்கும். அப்புறம் சொல்லிக்கலாம்.

அதையும் நீலமாக்கிக் கோத்தவுடன் வளையம் தராசு முள் மாதிரி நேராக நின்றது. அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. வாசற்படிக்கு மேல் மாட்டினாள். காற்றடித்தபோது கிணுகிணு என்றது. வேலை முடிந்து வந்த சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணாந்து பார்த்து, "அக்கா, எவ்ளோ நல்லாருக்கு!" என்றாள். அவள் அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டி வந்தது. சங்கிலியை எடுக்க மாமியார் பீரோவைத் திறந்தாள். பீரோவுக்குள் லாக்கர், லாக்கருக்குத் தனிச் சாவி. காலண்டரைத் தூக்கினாள். ஆணி இருந்தது, சாவி இல்லை.

"தலை நெளிஞ்ச சாவிடி. உங்க மாமா இருந்தப்ப பெயிண்ட் டப்பா மூடியை அதால நெம்பி நெளிச்சு வச்சாரே, அது. யாரு எடுத்தது?"

பெரியவள் வாயைத் திறக்கத்தான் போனாள். சத்தியமாகப் போனாள். அதற்குள் மாமியாரின் பார்வை சின்னவள் பக்கம் திரும்பிவிட்டது.

"போன வாரம் இந்தச் சுவத்துல ஒட்டடை அடிச்சது நீதானே? காலண்டரை எடுத்து மாட்டினது நீதானே?"

"ஆமா அத்தை. ஆனா அங்க சாவி எதுவும் இல்லை."

"இல்லாமப் போகுமா? காலு முளைச்சு நடந்துச்சா?"

உண்மையில் அது நாலடி தள்ளி, வாசற்படிக்கு மேலேதான் ஆடிக்கொண்டிருந்தது. காற்று வேறு அன்றைக்கென்று பார்த்து அடித்தது. கிணுகிணு. பெரியவள் அண்ணாந்து பார்க்கவில்லை. கோபம் தணியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்று நினைத்தாள். ஊரில் உள்ளதையெல்லாம் ஒட்டுகிறவளுக்கு அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பூட்டுக்காரர் வந்து லாக்கரை உடைத்தார். உள்ளே வைத்தது வைத்தபடி இருந்தது. இதோடு விஷயம் முடிந்தது என்று பெரியவள் மூச்சு விட்டாள். அங்கேதான் அவள் மாமியாரைச் சரியாக எடைபோடவில்லை. "எடுக்க நேரம் கிடைச்சிருக்காது. அதான் சாவியை மட்டும் அமுக்கி வச்சிருக்கா," என்றாள் மாமியார். சின்னவள் அழுதாள், பிறகு அழுவதை நிறுத்தினாள், பிறகு சாப்பாட்டு நேரத்தில்கூட அறையை விட்டு வரவில்லை. கொழுந்தன் ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "என் பொண்டாட்டியைத் திருடின்னு சொல்ற வீட்ல எனக்குச் சோறு இறங்காது." இரண்டு தெரு தள்ளி, மாடியில் இரண்டு அறையுள்ள வீடு பார்த்தான்.

இந்த நாட்களில் பெரியவள் சொல்லியிருக்கலாம். காலையில் சொல்லியிருக்கலாம், மத்தியானம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லாத ஒவ்வொரு வேளையும் சேர்ந்துகொண்டே வந்தது. முதல் நாளில் சொல்லியிருந்தால் அது சாவியைப் பற்றிய பேச்சு. இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்ற பேச்சு. தன்னைச் செல்ல மருமகள் என்கிறார்களே, அந்தப் பட்டம் போய்விடும் என்று பயந்தாள். அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது, அதுதான் வெட்கக்கேடு.

சாமான்களை வண்டியில் ஏற்றுகிற அன்று சின்னவள் அவளிடம் வந்தாள். "அக்கா, அந்தச் சாவி மணியை எனக்குத் தர்றீங்களா? இந்த வீட்ல எனக்குன்னு எடுத்துட்டுப் போக அது ஒண்ணுதான் ஆசையா இருக்கு."

பெரியவள் ஸ்டூல் போட்டு ஏறி அவிழ்த்தே கொடுத்தாள். உள்ளுக்குள் 'அப்பாடா' என்றுகூட இருந்தது. இனி அந்தச் சத்தம் கேட்காது. காற்றடித்தால் முதுகு கூச வேண்டாம். வண்டி தெருமுனை திரும்பி மறைந்த பிறகுதான் உறைத்தது. திருட்டுப்பட்டம் வாங்கியவளின் வாசலுக்கே காணாமல்போன சாவியைக் கட்டி அனுப்பிவைத்திருக்கிறாள். என்றைக்காவது மாமியார் கண்ணில் அது பட்டால் சின்னவள் கதி என்ன?

எப்படியாவது அந்த ஒன்றை அறுத்தெடுத்துவிட வேண்டும். கைப்பையில் சின்னக் கத்தரிக்கோலோடு போனாள். சின்னவள் காபி போட்டுக் கொடுத்தாள். வாசலில் நீலச் சாவிகள் ஆடின. "வளையம் கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கு. குடு, சரி பண்ணித் தர்றேன்," என்று பெரியவள் ஆரம்பித்தாள்.

"எங்க சாஞ்சிருக்கு? நேராத்தானே இருக்கு," என்று சிரித்தாள் சின்னவள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அக்கா, அந்த வீட்ல என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசாதது நீங்க ஒருத்தர்தான். அதை நான் மறக்கமாட்டேன்," என்றாள்.

பெரியவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். பேசவில்லைதான். வாயே திறக்கவில்லையே, தப்பாக எங்கிருந்து பேசுவது? கத்தரிக்கோல் பையை விட்டு வெளியே வராமலேயே வீடு திரும்பியது.

அதற்குப் பிறகு அவள் வெறுங்கையோடு அங்கே போனதில்லை. ஒரு தடவை சணல் சுற்றிய பாட்டில், இன்னொரு தடவை ஒரு கொத்துக் காகிதப் பூ. ஐஸ்குச்சியில் படச்சட்டம், துணிக்கந்தலில் பின்னிய கால்மிதி, கம்பளிப் பந்துத் தோரணம். சொல்ல நினைத்துப் போவாள், சொல்லாமல், ஒன்றை மாட்டிவிட்டு வருவாள். சுவர் என்ன நிறம் என்பதே மறந்துபோகிற அளவுக்கு அந்த வீடு அலங்காரமாயிற்று. "அண்ணி, இதுக்கு மேல ஆணி அடிச்சா வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிடுவாரு," என்றான் கொழுந்தன். அண்ணிக்கு எங்கள் மேல் எவ்வளவு பாசம் என்று அவன் கண்ணில் தெரிந்தது. அந்தப் பாசத்தின் கணக்கு அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் கொழுந்தன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். பெற்ற வயிறு கேட்குமா? வீராப்பையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு மாமியார் கிளம்பினாள். பெரியவள் கூடவே போனாள், போகாமல் எப்படி? மாடிப்படி முழுக்க ஒரே வேண்டுதல்தான். நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்விடட்டும்.

மாமியார் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் உயரமான மனுஷி. வாசலில் நுழைந்ததும் காற்றுமணி தலையில் இடித்தது, ஒரு சாவி கொண்டையில் போய்ச் சிக்கிக்கொண்டது. "என்னடி இது, ஆளைப் புடிச்சு இழுக்குது!" என்று கையை மேலே கொண்டுபோய்த் தடவி விடுவிக்கப் பார்த்தாள். விரல்கள் சட்டென்று நின்றன. சாவியைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தாள். ஒன்றோடொன்று இடித்து இடித்து ஓரத்தில் நீலம் உதிர்ந்து பித்தளை தெரிந்தது. தலை நெளிந்திருந்தது.

அறைக்குள் கொழுந்தன் கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தான். சின்னவள் தண்ணீர்ச் சொம்போடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"என் சாவி," என்றாள் மாமியார். குரல் உயரவே இல்லை. "எடுத்ததை எங்க ஒளிக்கிறதுன்னு தெரியாம, அவ ஆசையாச் செஞ்சு கொடுத்ததுல கோத்து வச்சியா? நான்கூட, ஒருவேளை தப்பா நெனச்சுட்டோமோன்னு மனசு கேக்காமத்தான் இன்னிக்கு வந்தேன். இப்பக் கையும் களவுமாப் பாத்துட்டேன்."

சின்னவள் சாவியைப் பார்த்தாள். நெளிந்த தலையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, பெரியவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இன்னும் வந்திருக்கவில்லை, கேள்விதான் இருந்தது.

"நான்தான் எடுத்தேன் அத்தை," என்றாள் பெரியவள். "ஒரு சாவி குறைஞ்சுது. வளையம் சாஞ்சுது. ஆணியிலேருந்து எடுத்துப் பெயிண்ட் அடிச்சுக் கோத்துட்டேன். நீங்க தேடின அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்லலை."

பெரியவள் அடி விழப்போகிறவள் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். திட்டட்டும். நாலு பேர் கேட்கத் திட்டட்டும். இத்தனை நாளாக அவள் பயந்ததும் அதற்குத்தான், இப்போது அவளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

மாமியார் வாயில் கைவைத்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அட, நீயாடி! ஐயோ, எனக்குத் தோணாமப் போச்சே. உன் கையில எது கிடைச்சாலும் ஒட்டிடுவியே, கோத்துடுவியே. நான் ஒருத்தி, ஊரைக் கூட்டிப் பூட்டை உடைச்சேன்!" என்று சொல்லிப் பெரியவளின் கன்னத்தைத் தட்டினாள். "இதுக்குப் போயா மூஞ்சியை இப்படி வச்சுக்கிட்டு நிக்கிற?"

இதற்கு அறைந்திருக்கலாம் என்று தோன்றியது பெரியவளுக்கு. இவ்வளவு சுலபமா? முதல் நாள் வாயைத் திறந்திருந்தாலும் இதே சிரிப்புதான் வந்திருக்கும். ஒரு சிரிப்போடு போயிருக்கவேண்டியதற்கு ஒரு குடும்பத்தையே வீட்டை விட்டுப் போக வைத்திருக்கிறாள்.

சின்னவள் சொம்பைக் கீழே வைத்தாள். "அக்கா எடுத்தா சிரிப்பு," என்றாள். "நான் எடுத்திருந்தா திருட்டு. இல்லையா அத்தை?"

மாமியாரின் சிரிப்பு பாதியில் நின்றது. போய் மகனின் கட்டிலில் உட்கார்ந்து அவன் காலைத் தடவிக்கொடுத்தாள்.

சின்னவள் சமையல்கட்டிலிருந்து கத்தியைக் கொண்டுவந்து, எக்கி நின்று, அந்த நூலை மட்டும் அறுத்தாள். சாவியை மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள். "உங்க சாவி அத்தை. சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க."

உடைத்து மாற்றிவிட்ட பூட்டின் சாவி. அதை வைத்துக்கொண்டு மாமியாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிளம்பும்வரை கைக்குள்ளேயே வைத்திருந்தாள். சின்னவள் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுக்கு வாம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு முதலில் படியிறங்கினாள்.

வாசலில் பெரியவளும் சின்னவளும்தான் மிஞ்சினார்கள். தலைக்கு மேல் வளையம் மறுபடியும் சாய்ந்து தொங்கியது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் பெரியவள் நின்றாள். ஆனால் கை பழக்கத்தில் மேலே போய்விட்டது. வாயும் பழகியதைத்தான் சொன்னது.

"ஒரு பக்கமாச் சாஞ்சுடுச்சு. வேற ஒரு சாவி கொண்டாந்து கோத்துத் தர்றேன்."

சின்னவள் அவள் கையைப் பிடித்து, மெல்லக் கீழே இறக்கிவிட்டாள்.

"இருக்கட்டும்க்கா," என்றாள். "அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' எவ்வளவு நீளம் என்று பெரியவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, மாமியாருக்குப் பின்னால் இறங்கினாள்.