ஆற்றுக்கு நின்ற வேட்பாளர்

கொக்கி கட்டிய மூங்கிலை நீருக்குள் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி இழுக்கிறார் கொம்பையா. வருவது ஒரு வேட்டி. கரையில் வீசுவதற்கு முன் அதன் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். "நாப்பதாம் நம்பர் நூலு. நல்ல துணி வே, இன்னும் ரெண்டு வருசம் கட்டிருக்கலாம்" என்கிறார், வெளியூரிலிருந்து அவரைப் பார்க்க வந்திருக்கும் என்னிடம். ஆலையில் முப்பது வருடம் நூலோடு புழங்கிய விரல்கள். அடுத்து ஒரு சேலை வருகிறது. அதற்கடுத்து ஒரு காக்கிச் சட்டை. அதை மட்டும் தேய்த்துப் பார்க்காமல் குவியலுக்கு அடியில் தள்ளுகிறார்.

பாபநாசத்தில் முங்கி, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டால் பாவமும் தோஷமும் கூடவே போய்விடும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. பாவம் போகிறதோ என்னவோ, துணி போவதில்லை. பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டு அங்கேயே கிடக்கிறது.

கொம்பையா, பொருநைப் பச்சைக் கழகத்தின் நிறுவனத் தலைவர். கழகத்துக்கு வயது பன்னிரண்டு. செயற்குழுவில் ஐந்து பேர். அதில் ஒருவர் துபாயில் இருக்கிறார். ஆற்றில் எதையும் போடக் கூடாது, ஆற்றிலிருந்து எதையும் அள்ளக் கூடாது என்பது கொள்கை. துணியை மட்டும் அள்ளலாம். "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாவல்லா? போடுதவன் அளக்கல, நான் அளக்கேன். போன மாசம் மட்டும் எழுநூறு கிலோ வே."

கொள்கையில் கறாரான கட்சி இது. ஃபிளெக்ஸ் கிடையாது, பட்டாசு கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. மரத்தை வெட்டித்தானே காகிதம் வருகிறது என்று நோட்டீஸும் கிடையாது. போன சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த டீக்கடைக்காரர், விரலில் மை காயும் முன் இவரிடமே கேட்டாராம்: "அண்ணாச்சி, நீங்களும் நிக்கியளா? ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?" மொத்தம் இருநூற்றுப் பதினொரு ஓட்டு. நோட்டாவுக்கு ஆயிரத்துச் சொச்சம். கொம்பையா அசரவில்லை. "அதுவும் நம்ம ஓட்டுதான். எவனும் வேண்டாம்னு நினைக்கவன் நாளைக்கு எங்க போவான்? நம்மகிட்டதான் வருவான்."

பிரச்சாரம் முழுக்கப் படித்துறையில்தான். குளிக்க வருகிறவர்களிடம் கை கூப்பி, ஆற்றின் கதையைச் சொல்லுவார். கேட்டவர்கள் உருகிப்போய், "எங்க ஓட்டு உங்களுக்குத்தான்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். சத்தியமாகத்தான் சொல்வார்கள். ஆனால் அவர்களுக்கு ஊர் சங்கரன்கோவில், ராஜபாளையம், சிவகாசி. அங்கெல்லாம் பச்சைக் கழகம் நிற்கவில்லை. பன்னிரண்டு வருடமாக மனிதர் வேறு தொகுதிக்காரர்களிடம் ஓட்டுக் கேட்டிருக்கிறார். இதைக் கண்டுபிடித்தவர் கழகப் பொருளாளர் கிறிஸ்டி டீச்சர். பாளையங்கோட்டையில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். "உள்ளூர்க்காரன் எவன் அண்ணாச்சி இங்கன வந்து துணி விடுதான்? அவன் வீட்டுக் குழாயில குளிக்கான்." எனக்குச் சிரிப்பு வந்தது. கொம்பையாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

இப்போது நகராட்சித் தேர்தல் வருகிறது. அவருடைய வார்டில் பெரிய கட்சிகள் இரண்டிலும் சீட்டுக் கிடைக்காதவர்கள் போட்டி வேட்பாளர்களாக இறங்கிவிட்டார்கள். ஓட்டு சிதறும்; முந்நூறு வாங்கினால் கவுன்சிலர். டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கி, இருநூற்று எண்பது உறுதி என்று சொல்லிவிட்டார். கூடவே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: "இதுலயும் தோத்தா கட்சியக் கலைச்சிருவோம் அண்ணாச்சி. என் முட்டு தாங்காது." அதை என்னிடம் சொல்லிக்கொண்டே கொம்பையா விரல் மடக்கி எண்ணினார். பன்னிரண்டு வருடத்துக்கும் சேர்த்து இன்னும் இருபது ஓட்டு வேண்டும். எனக்கே பாவமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். மனைவி இசக்கித்தாய் பைய ஆரம்பித்தார். ஜோசியரிடம் ஜாதகத்தைக் காட்டிவிட்டு வந்திருக்கிறார். "தோல்வி தோஷமாம். போன தடவ ஓட்டு எண்ணுன அன்னைக்கு நீங்க போட்டிருந்த பச்சைச் சட்டையோட முங்கி, அத ஆத்தோட விட்டுரணுமாம். குறையுத ஓட்டு தன்னால வந்துருமாம்."

கொம்பையா எகிறினார். "ஏளா, பன்னெண்டு வருசமா நான் என்னத்தச் சொல்லிட்டு அலையுதேன்? எவனாவது பாத்தா மூஞ்சில காறித் துப்ப மாட்டானா?"

"பன்னெண்டு வருசமா அதத்தான சொன்னிய. என்னத்த விழுந்துச்சு?"

கொம்பையா தம்ளரை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும் முன் நானும் ஒரு முங்கு போடலாம் என்று, விடிந்ததும் படித்துறைக்குப் போனேன். இடுப்பளவு நீரில் கொம்பையா நின்றிருந்தார். மூங்கிலைக் காணோம். மேலில் பச்சைச் சட்டை. "வாரும் வே, தண்ணி நல்லாருக்கு" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. மூன்று தரம் முங்கினார். மூன்றாம் தரம் எழுந்தபோது வெற்றுடம்பாக இருந்தார். சட்டை அவர் முன்னால் உப்பிக்கொண்டு மேலே வந்தது.

அந்த நேரம் பார்த்து மேல்படியில் ஒருவர் வேட்டியை அவிழ்த்து நீரில் விடப் போனார். "எய்யா, ஆத்துல விடாதேயும்! கரையில போடும்!" என்று கொம்பையா இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். ஆறு அன்று தெளிந்து கிடந்தது. அடி வரை தெரிந்தது. கத்திக்கொண்டே அவர் சட்டையைக் காலால் அமுக்கி, ஒரு கல்லுக்கடியில் தள்ளி, அதன் மேல் ஏறி நின்றுகொண்டார்.