பொம்மைத் தலைகளுக்குத் தண்ணீர் எதற்கு

“...அந்தத் தண்ணிய நிறுத்தும்மா, கண்ணாடியில ஒண்ணும் தெரியல,” என்றார் கும்பகோணத்துப் பல் டாக்டர், என் கடைவாய்க்குள் மிஷினை விட்டபடி. உதவிக்கு நின்ற பெண் தயங்கித் தயங்கிக் குழாயைத் திருகி மூடினாள். அடுத்த நொடி, முடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். கீழ்க்கடையில் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனையையே அது அமுக்கிவிட்டது. ஊசி போட்டு வாய்தான் மரத்திருந்தது, மூக்கு மரக்கவில்லை. கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னேன். அந்தப் பக்கம் மெல்ல எனக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு பல்தான்.

அந்த நாற்றம் எனக்குப் பழசு, பாருங்கள். பாபநாசம் பக்கம் வயலுக்கு நடுவே ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருந்தது. பிள்ளைகள் கை பழகும் பொம்மைத் தலைகளைத் துடைத்து, பிடுங்கிய பற்களை அவற்றின் வாயில் பதித்து வைப்பது என் வேலை. படிப்பு பத்தாவதோடு சரி. மற்றதெல்லாம் கதவோரம் நின்று கேட்டது. மிஷின் அசுர வேகத்தில் சுற்றும், தண்ணீர் பீய்ச்சாவிட்டால் சூட்டில் பல்லின் உயிரே வெந்துபோகும் என்று பேராசிரியர் காலையில் பாடம் நடத்துவார். பிள்ளைகள் அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்வார்கள். மதியம் செய்முறை வகுப்பில் அதே மகான், “தண்ணிய மூடுய்யா, சட்டையெல்லாம் தெறிக்குது” என்பார். கசங்காத வெள்ளைச் சட்டை. வெந்தால் பொம்மை அழவா போகிறது? குழி அழகாக இருந்தால் மார்க்.

தரங்கம்பாடிப் பெண் ஒருத்தி மட்டும் கேட்டாள்: “நாளைக்கு ஆளுங்க வாயில எப்படி சார் செய்யறது?”

“ஒனக்குன்னு தனியா காவேரி வெட்டி விடணுமோ? மொதல்ல கை பழகட்டும். தண்ணியெல்லாம் அப்பறம்.”

அந்த ‘அப்பறம்’ கடைசி வரை வரவே இல்லை. கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். மேசை மேசையாகப் போய்க் குழாயை மூடிய புண்ணியவான் நான்தானே!

கல்லூரி இப்போது இல்லை. கட்டடம் கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. பொம்மைத் தலைகள் பழைய இரும்புக்காரனோடு போயின. வெள்ளைச் சட்டைப் பேராசிரியரும் ஓய்வு பெற்று எங்கோ போய்விட்டார். போகாதது அந்தப் பழக்கம் ஒன்றுதான்.

“எந்தக் காலேஜ் தம்பி?” என்று குழறிக் கேட்டேன். டாக்டர் அந்தப் பெயரையே சொன்னார். நான் யாரென்று சொன்னதும் அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“அட, நம்ம லேப் அண்ணனா!”

“தண்ணி இல்லாம ராவினா பல்லு வெந்துடும் தம்பி. தெறந்துவிடச் சொல்லுங்க.”

அந்தப் பெண் சட்டென்று திறந்துவிட்டாள்.

“நீங்களே இப்படிச் சொல்லலாமாண்ணே? நீங்க மூடிவிட்டுத்தானே நாங்க பழகினோம்,” என்று பாசமாக என் தோளைத் தட்டிவிட்டு, எட்டிக் குழாயை அவரே இறுக்கி மூடினார்.