போஸ்டர் பார்த்துச் சொன்ன தீர்ப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் காலைப் பேப்பர்களின் போஸ்டர்கள் வரிசையாகத் தொங்கும். பாண்டிதுரை அவற்றின் முன்னால் நின்றுதான் உலகத்தை நடத்தி வந்தார். பேப்பரைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. உள்ளே போய்ப் படித்தால் கருத்து குழம்பிவிடும் என்பது அவருடைய அனுபவம்.

‘போர் நிறுத்தம் வருமா?’ என்று போஸ்டர் கேட்டால், "வராது. வந்தாலும் நிக்காது" என்பார். ‘வரி உயர்வால் உலகச் சந்தை ஆட்டம்’ என்றால், "ஆடட்டும். நாம என்ன சந்தையிலயா குடியிருக்கோம்?" அகதிகள் படகு கவிழ்ந்த அன்றும் அவரிடம் ஒரு கருத்து இருந்தது. அதை இங்கே எழுதாமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை.

பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஆகவே ஊர் கேட்டுக்கொண்டது. பட்டாளத்தில் அவர் இருந்தது சமையல் கூடத்தில். அதை யாரும் கேட்டதில்லை; அவரும் வலியச் சொல்லி யாரையும் சிரமப்படுத்தியதில்லை. இப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கேட் செக்யூரிட்டி. அதே மில்லில் ஃபிட்டராக இருக்கும் கிறிஸ்துராஜும் அவரும் தினமும் ஒரே பஸ்ஸில் போவார்கள். டீக்கடையில் அவருடைய கருத்துகளைக் குறுக்கே பேசாமல் கேட்கும் ஒரே ஆள் கிறிஸ்துராஜ்தான்.

அன்றைக்குப் போஸ்டரில், ‘நடுக்கடலில் டீசல் கடத்தல்: தமிழர்கள் உட்பட கப்பல் ஊழியர்கள் கைது’ என்று இருந்தது.

"கடத்துனவனப் பிடிக்காம மாலையா போடுவான்?" என்று ஆரம்பித்தார் பாண்டிதுரை.

டீ மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. "நம்ம பயலுவன்னு போட்டுருக்கே அண்ணாச்சி."

"நம்ம பயன்னா? துட்டுக்கு ஆசப்பட்டுப் போனான்லா, கெடக்கட்டும். இனி பாரு, ஒவ்வொருத்தன் அப்பனும் மனுவத் தூக்கிட்டுக் கலெக்டராபீசுக்கு ஓடுவான். தப்புப் பண்ணாதவன் எதுக்குவே மனு குடுக்கணும்? மனு குடுத்தாலே தப்ப ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். சட்டம் அப்படித்தான் பாக்கும்."

"அப்படியா அண்ணாச்சி?" என்றார் கிறிஸ்துராஜ். டீ கிளாஸ் அவர் கையிலேயே இருந்தது.

"நான் பாக்காத சட்டமா கிறிஸ்து?"

பஸ் வந்தது. பாண்டிதுரை வழக்கம்போல ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இரண்டு சீட்டுப் பிடித்தார். ஏறி உட்கார்ந்து பார்த்தால் கிறிஸ்துராஜ் கடை வாசலிலேயே நின்றார். பஸ் நகர்ந்துவிட்டது. பக்கத்துச் சீட்டுத் துண்டை எடுக்கச் சொல்லி ஒரு அம்மாள் கோபப்பட்டாள்.

மில் கேட்டில் டைம் கீப்பர் தவசிமுத்துதான் சொன்னார். "கிறிஸ்துராசு லீவு சொல்லிட்டாரு. அவரு மவன் ஆஸ்டின் அந்தக் கப்பல்லதான் சமையக்காரனா இருக்கானாம். நேத்தே போன் வந்துட்டாம். ஒம்ம கூடத்தான வருவாரு, சொல்லலையா?"

கப்பலில் என்ன ஏற்றுகிறார்கள், எங்கே இறக்குகிறார்கள் என்று சமையல்காரனிடம் எவன் சொல்வான்? பட்டாளத்தில் வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டதற்கு, "உருளைக்கிழங்கை உரி" என்று பதில் வாங்கியவர் பாண்டிதுரை. உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவர் முந்தின பஸ்ஸில் போனார். டீ குடிக்கவில்லை. கிறிஸ்துராஜின் தெருவைத் தவிர்த்துச் சுற்றி நடந்தார். உலகத்தில் தேர்தல் நடந்தது, பூமி அதிர்ந்தது, இரண்டு நாட்டுத் தலைவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். கருத்துச் சொல்ல ஆள் இல்லாமலே எல்லாம் நடந்தன.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்த கையோடு கிறிஸ்துராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார். பாண்டிதுரை பின்பக்கம் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். மனைவி வெங்கடேஸ்வரி கதவைத் தட்டினாள்.

"கிறிஸ்து அண்ணன் வந்து எம்புட்டு நேரமாவுது. உள்ள தண்ணிச் சத்தமே கேக்கல, என்னதான் செய்தீய?"

திட்டு வாங்கத் தயாராகித்தான் வெளியே வந்தார். நாலு திட்டு விழுந்தால் தேவலை என்றுகூட இருந்தது. கிறிஸ்துராஜ் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"அண்ணாச்சி, ஒங்கள்ட்ட ஒரு யோசன கேக்கணும். மத்த பிள்ளையளோட அப்பாமாரெல்லாம் அவிய அவிய கலெக்டருக்கு மனு குடுத்துட்டாவளாம். நீரு ஏன் இன்னும் குடுக்கலன்னு அதுல ஒரு தூத்துக்குடிக்காரரு போன் போட்டுச் சத்தம் போடுதாரு. நீங்க சொன்னியள்ல, குடுத்தா ஒத்துக்கிட்ட மாதிரின்னு. ஆஸ்டின் அம்மா அன்னாள் பயப்படுதா. அதான் குடுக்காம வச்சிருக்கேன். குடுக்கலாமா?"

பாண்டிதுரை உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவருடைய கருத்தை ஒருவர் நம்பி நடந்தது இதுதான் முதல் தடவை.

"கிறிஸ்து, அது சும்மா சொன்னதுப்பா."

"சும்மான்னா?"

"போஸ்டரத்தான் பாத்தேன். பேப்பரக்கூடப் படிக்கல. சட்டம் எனக்கு ஒண்ணும் தெரியாது."

வெங்கடேஸ்வரி காபியோடு வந்தவள் அப்படியே நின்றாள். கிறிஸ்துராஜ் கோபப்படவில்லை. "அப்ப நாளைக்கே குடுத்திரலாம்லா?" என்று மட்டும் கேட்டார்.

"நானும் வாரேன்" என்றார் பாண்டிதுரை, தரையைப் பார்த்து.

திங்கட்கிழமை விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் வரிசை நீளம். மனுவை வாங்கிய அதிகாரி தேதியைப் பார்த்தார். "மத்தவங்க போன வாரமே குடுத்தாச்சு. மேல பேர் அனுப்பியாச்சு. உங்க பையன் பேரைத் தனியாத்தான் அனுப்பணும். ஏன் லேட்டு?"

கிறிஸ்துராஜ் பாண்டிதுரையைத் திரும்பிப் பார்க்காமல், "ஒடம்பு சரியில்ல சார்" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அண்ணாச்சி, ஆஸ்டின் கிறிஸ்மஸுக்குள்ள வந்துருவானா?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"தெரியாதுன்னு தெரியும் அண்ணாச்சி. நீங்க சொன்னதா சொன்னா அன்னாள் ஒரு வாயி சோறு திம்பா. நீங்க போஸ்டரப் பாத்துச் சொன்னதுன்னு அவளுக்கு இன்னும் நான் சொல்லல."

சொல்லிக்கொண்டே நம்பரைப் போட்டு போனை நீட்டிவிட்டார். பாண்டிதுரை வாங்கினார். டீக்கடைக் குரல் எங்கே இருந்தோ வந்தது.

"தாயி, நான் பாண்டிதுரை பேசுதேன். பய வந்துருவான். கிறிஸ்மஸ் பண்டியலுக்கு இங்கதான் இருப்பான்."

"நெசமாவா அண்ணாச்சி? விசாரிச்சுட்டுத்தான சொல்லுதிய?"

"விசாரிச்சுட்டுத்தான் தாயி" என்று சொல்லி, கிறிஸ்துராஜின் முகத்தைப் பார்க்காமலே போனைத் திருப்பிக் கொடுத்தார்.