இத்தா முடிந்தும் எழும்பாதவள்

என் கணவர் மௌத்தான பிறகு, விடிவதை நினைத்தாலே எனக்குப் பயம். சகோதரிகளே, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அல்லாஹ் எனக்குச் செய்ததை மறைத்து வைக்க மனமில்லை.

தாராபுரத்தில் எங்கள் பிழைப்பு இடியப்பம். சுபஹு தொழுததும் அவர் இடியப்ப உரலில் மாவைப் பிழிவார், நான் அவிப்பேன். விடியும்போது சந்திக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்தவர் பிறகு எழும்பவேயில்லை.

கணவனை இழந்தவளுக்கு விதித்தபடி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருந்தேன். வெளியே போக வேண்டியதில்லை, அந்நிய ஆண்களின் முகம் பார்க்க வேண்டியதில்லை. ஒளிந்துகொள்ள அந்த அறை எனக்கு வசதியாகிவிட்டது. இத்தா முடிந்தது. நான் எழும்பவில்லை. பாங்கு காதில் விழும், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன். பத்து வயது மகள் ஸஹ்ரா தானே தலைவாரி, இரண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள்.

கடைக்கார நானா இடியப்பம் கேட்டு வந்தார். "உம்மா இன்னும் இத்தாவில எண்டு சொல்லு" என்றேன் மகளிடம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். போய்ச் சொன்னாள். அடுத்த முறை அவர் வந்தபோது நான் சொல்லாமலே சொன்னாள். பெற்ற பிள்ளைக்கு நானே பொய் பழக்கினேன்.

புத்தளத்திலிருந்து என் மதினி, கணவரோடு பிறந்த மூத்த ராத்தா, வந்து வீட்டைப் பார்த்தார். "நீ படுத்துக் கிட. லீவு விட்டதும் பிள்ளைய நான் கொண்டு போறன்."

இருக்கிற ஒரே பிள்ளையும் போகப்போகிறாள், அப்போதும் உடம்பு எழும்ப மறுத்தது. "யா அல்லாஹ், என்னையும் எடுத்துக்கொள்" என்பதைத் தவிர வேறு துஆ வரவில்லை.

பக்கத்து வீட்டு ரிப்கா என் வயதுக்காரி. என் கட்டிலில் வந்து உட்கார்ந்து ஒரு கொப்பியைத் தந்தாள். "துஆ வாயால வராட்டி எழுதன். காலையில ஒரு பக்கம். தமிழிலயே எழுது, அல்லாஹ்வுக்குத் தெரியாத பாஷையே?"

முதல் நாள் பத்து மணிக்குத்தான் எழுதினேன். "சுபஹு போய்விட்டது. என்னால் முடியவில்லை." இரண்டு வாரம் இதையே எழுதினேன். ஒரு காலையில், "நான் இத்தாவில் இருக்கிறேன், என்னை விட்டுவிடு" என்று எழுதிவிட்டேன். வாய்க்குப் பழகிய பொய் கைக்கும் வந்துவிட்டது. யாருக்கு எழுதுகிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். அதை வெட்டிவிட்டு எழுதினேன். "பொய். இத்தா முடிந்து இரண்டு மாதம். அவர் இல்லாத அடுப்படியைப் பார்க்கப் பயந்துதான் கிடக்கிறேன். நாளைக்கு என்னை எழுப்பிவிடு. மகளை என்னிடமிருந்து பிரிக்காதே."

மறுநாள் பாங்கோடு கண் விழித்தது. தொழுதேன். எழுதினேன். அழுதழுது மாவைப் பிழிந்தேன். பாதி சரிவரவில்லை. சரிவந்ததை எடுத்துக்கொண்டு நானே கடைக்குப் போனேன்.

"நானா, இத்தா எப்பவோ முடிஞ்சுது. பிள்ளையப் பொய் சொல்ல வச்சது நான்தான்."

"எனக்குத் தெரியும் தங்கச்சி. நாளைக்கும் கொண்டு வாங்கோ."

லீவு விட்டதும் மதினி வந்தார். அடுப்பு எரிவதைப் பார்த்துவிட்டு மகளிடமே கேட்டார், "என்னோட வாறியா?"

"நான் போனா உம்மா எழும்ப மாட்டா மாமி."

மதினி தனியாகவே திரும்பிப் போனார். என் துஆ கபூலானது. ஆனால் பிள்ளை சொன்னது என் நெஞ்சைக் கிழித்தது. கேட்டபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னே விழித்து, நான் எழும்புகிறேனா என்று படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

துக்கம் போகவில்லை. இன்றும் சில காலைகளில் பக்கம் முழுக்க அழுகைதான். ஆனாலும் தொழுது, ஒரு பக்கம் எழுதாமல் அடுப்பை மூட்டுவதில்லை. என்னைப்போல் கிடக்கும் சகோதரிகளே, துஆ வாயில் வராவிட்டால் எழுதிப் பாருங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அவன் அறிகிறான்.

போன கிழமை ஒரு நாள் பாங்கு கேட்டு எழும்பி மகளைப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி நல்ல தூக்கம். நான் தொழுது, எழுதி, அவித்து முடிக்கும்வரை அவள் அசையவேயில்லை. அல்ஹம்துலில்லாஹ்.