நாற்பது வருடம் பிந்திய கரை

ஞாயிறு, பிற்பகல் ஒன்றரை மணி. மார்க்கம் நகரத்து வீட்டிலிருந்து மகள்தான் எங்களை ரொறன்ரோ விமானநிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டாள். பெட்டியை இறக்கும்போதும் அவளுக்கு மனம் கேட்கவில்லை.

"சீரியஸ்லி அப்பா, வேற எங்கையாவது போயிருக்கலாமே? கியூபா மாதிரி?"

"நான் பாக்கோணும் எண்டு ஆசைப்பட்ட ஊர் உது ஒண்டுதான் பிள்ளை," என்றார் என் கணவர்.

கனடாவுக்கு வருமுன் அவர் ஒரு கிரேக்கக் கப்பலில் மாலுமியாக இருந்தார். எண்பதுகளின் நடுவில் அந்தக் கப்பல் வன்கூவரில் கோதுமை ஏற்றிக்கொண்டு சீனாவின் சிங்தாவ் துறைமுகத்துக்குப் போனது. உள்ளே இடமில்லை என்று வெளிக்கடலில் நங்கூரம் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் நின்றார்கள். தூரத்தே சிவப்பு ஓட்டுக் கூரைகளும் இரட்டைக் கோபுரத் தேவாலயம் ஒன்றும் தெரியுமாம். கடைசியில் துறைக்குள் விட்டபோதும் கரையில் கால்வைக்க அனுமதி தரவில்லை. கோதுமையை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அப்போது இவருக்கு இருபத்திரண்டு வயது.

கலியாணமான நாளிலிருந்து "ஒருக்காப் போகோணும்" என்பார். கனடாவுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் இருந்தபோது இரண்டு வேலை. பிறகு வீடு, மகளின் படிப்பு, அவளின் கலியாணம். போன பனிக்காலம் நீரிழிவு அவருடைய கண்ணில் கைவைத்தது. நேரே பார்த்தால் பனிப்புகார் படிந்த மாதிரி, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். அதற்குப் பிறகுதான் ரிக்கற் எடுத்தோம்.

செவ்வாய் பின்னேரம், ஷங்காய் வழியாகச் சிங்தாவ் வந்து சேர்ந்தோம். விமானநிலையத்திலிருந்து பழைய நகரம் நாற்பது கிலோமீற்றருக்கு மேல். ரக்சிக்கு நூற்றிருபது யுவான், எங்கள் காசில் இருபத்துமூன்று டொலர் வரும். சாரதி தன் தொலைபேசியில் ஏதோ பேச, அது ஆங்கிலத்தில், முதல் தடவையா வருகிறீர்கள் என்று கேட்டது.

"இல்லை, ரெண்டாந்தரம்," என்றார் கணவர். சாரதி மகிழ்ச்சியாகத் தலையாட்டி, அப்படியென்றால் நிறைய மாற்றம் தெரியுமே என்றார். இவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதன், காலை பத்து மணி. நகர வரலாற்று அருங்காட்சியகம். அனுமதி இலவசம், கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். ஜேர்மன்காரர் கட்டிய காலம், யப்பானியர் பிடித்த காலம் என்று அறை அறையாகப் போகிறது. எழுத்து முக்கால்வாசியும் சீனத்தில். நான் படங்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். இவர் என் முழங்கையைப் பிடித்தபடி நடந்தார்.

துறைமுக அறையில் சுவர் நிறைய ஒரு பழைய புகைப்படம். கடல், அதில் வரிசையாகக் கப்பல்கள்.

"இஞ்சாருங்கோ, கப்பலுகள் நிக்குது. ஏழெட்டு இருக்கும்."

அவர் தடுப்புக் கயிற்றைத் தாண்டி எட்டினார். தலையை இடமும் வலமும் சரித்துப் பார்த்தார். "எங்கட கப்பல் மாதிரிப் புகைபோக்கி நீலமாய் ஒண்டு நிக்குதோ? வடிவாப் பாத்துச் சொல்லும்."

"கறுப்பு வெள்ளைப் படமப்பா."

"ஓ," என்றார். பக்கத்து வாங்கிலில் போய் இருந்துவிட்டார். சற்று நேரத்தில், தன்னையறியாமல், உதட்டைக் குவித்து ஒரு மெட்டைச் சீக்கையடிக்கத் தொடங்கினார். கார் கழுவும்போதும் பனி வழிக்கும்போதும் அவர் அடிக்கும் மெட்டு. கப்பலில் நின்ற நாட்களில் ஒவ்வொரு காலையும் ஒலிபெருக்கியில் கரையிலிருந்து வருமாம். தங்களை வரவேற்கிற பாட்டு என்று கூட நின்ற பெடியன்கள் நினைத்தார்களாம்.

எங்களுக்கு முன்னால் நின்ற பெண் ஒருத்தி சட்டென்று திரும்பினாள். ஐம்பது வயதிருக்கும். சிரித்துக்கொண்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள், பக்கவாட்டில் விரித்தாள், இடுப்பை வளைத்தாள். பிறகு தொலைபேசியை எடுத்துப் பேசினாள். அது பள்ளிக்கூட உடற்பயிற்சி இசை, அந்தக் காலத்தில் தினமும் காலையில் செய்யவேண்டும், பிள்ளைகளுக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது என்று தொலைபேசி ஆங்கிலத்தில் சொன்னது.

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "நாங்கள் என்னெல்லாம் நினைச்சம்!"

எங்கே கேட்டீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் சுவர்ப் படத்தின் பக்கம் கையைக் காட்டினார், கப்பலிலிருந்து என்றார். அவள் முகம் மாறிவிட்டது. அவளுடைய பள்ளிக்கூடம் கடலைப் பார்த்த மேட்டில் இருந்ததாம். பயிற்சி செய்துகொண்டே, கப்பல்களில் இருப்பவர்கள் எந்த நாடென்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்களாம்.

"சிறீலங்கா எண்டு ஆரும் சொன்னவையோ?"

ஒருவரும் சொல்லவில்லை என்றாள். அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சீனத்தில் ஏதோ சொன்னாள். தொலைபேசியை வாங்கிலில் வைத்துவிட்டதால் அது என்னவென்று எங்களுக்குத் தெரியாமல் போனது.

அவள் போனபின் இவர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "அவ எப்பிடி இருந்தவ?"

கட்டையாய் வெட்டின தலைமயிர், மூக்குக் கண்ணாடி, பச்சைச் சட்டை, சிரித்தால் கன்னத்தில் குழி என்று சொன்னேன். எவ்வளவு சொன்னாலும் ஒரு முகம் வரவில்லை.

வெள்ளி, காலை. விமானம் கடலுக்கு மேலாக எழும்பியது. கீழே கப்பல்கள் சிதறி நின்றன. சொன்னேன்.

"பத்து வருசத்துக்கு முதல் வந்திருக்கலாம்," என்றார்.

அந்தப் பத்து வருடத்தில் நாங்கள் மார்க்கத்து வீட்டின் நிலக்கீழ் அறையைத் திருத்தினோம், கார் மாற்றினோம். அவசியமென்று நினைத்துத்தான் செய்தோம்.

"ஓம்," என்றேன். முகில் வந்து கடலை மூடியது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் இன்னும் யன்னலோடு முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.