மதினியின் வாயோரம்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. கல்யாணமான புதிது, திண்டுக்கல் நாகல் நகரில் வாடகை வீட்டில் இருந்தோம். சிற்பம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நான், வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை எல்லாம் உட்கார வைத்துக் களிமண்ணில் அவர்கள் தலையைச் செய்துகொண்டிருந்தேன். அந்த முறை மாட்டியவர் என் மதினி, அதாவது கணவரின் அக்கா. அய்யலூரிலிருந்து தன் வீட்டுக்காரரோடு வந்திருந்தார்.

மதினிக்குப் பேச்சு ஓயாது. முதல் நாள் அவர் பேசப் பேச, உதட்டைப் பிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. காம்பஸ் வைத்து அளந்து அளந்து ஒருவழியாக வாயை முடித்தேன். கண்ணாடியையும் களிமண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அச்சு அசல் தானேதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். காயாமலிருக்க ஈரத்துணி சுற்றி வைத்தேன்.

மறுநாள் காலை அதிசயமாக அமைதியாக உட்கார்ந்திருந்தார். அப்பாடா என்று காதைச் செய்ய ஆரம்பித்தேன். செத்த நேரத்தில் ஏதோ உறுத்தியது. களிமண்ணில் இடது வாயோரம் மேலே ஏறி நின்றது. என் தப்புதான் என்று கட்டை விரலால் அழுத்தப் போனவள், நேற்று அத்தனை தடவை அளந்த இடமாயிற்றே என்று நிறுத்தினேன். கண்ணோரத்திலிருந்து வாயோரம் வரை மறுபடி அளந்தேன். வலது பக்கம் சரியாக இருந்தது. இடது பக்கம் மண் அப்படியேதான் இருந்தது. அவர் முகம்தான் இறங்கியிருந்தது.

சிரிக்கச் சொன்னேன். பாதி வாய்தான் சிரித்தது. ஏதோ சொல்ல வந்தார், வார்த்தை குழறியது.

என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மதினி வீட்டுக்காரரிடம் ஓடி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றேன். சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்த்தே வயதைச் சொல்கிற மனிதர், மனைவியை எட்டிப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்.

"அவ கோவம் வந்தா வாயக் கோணிக்கிட்டுத்தான் இருப்பா. படுத்து எந்திரிச்சா சரியாப் போயிரும்மா."

கெஞ்சினேன், அசையவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பலகையோடு களிமண் தலையைத் தூக்கி வந்து மதினி பக்கத்தில் வைத்தேன்.

"இது நேத்து இருந்த மூஞ்சி. இப்ப ரெண்டையும் பாருங்கண்ணே."

பார்த்தார். மண்ணைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது. செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தார்.

பக்கவாதத்தின் ஆரம்பம், காலாகாலத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். சில மாதங்களில் மதினியின் பேச்சு திரும்பியது. இடது வாயோரத்தில் மட்டும் லேசான இறக்கம் தங்கிவிட்டது. ஈரத்துணி மாற்றி மாற்றிக் காயாமல் வைத்திருந்த தலையை முடிக்க அவரே வந்து உட்கார்ந்தார். எந்த வாயை வைக்கட்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இப்ப இருக்கறதையே வையி. பொழச்சு வந்த வாயில்ல இது."

அழுதுகொண்டேதான் அந்த ஓரத்தை அழுத்தினேன். தெரிந்த முகம்தானே என்று யாரையும் அரைப் பார்வை பார்த்துவிட்டுப் போக, அதற்குப் பிறகு எனக்கு மனம் வந்ததே இல்லை.